அரண்மனைகள் நம்மிடம் கேட்பது

விடுமுறைக்காலம் நெருங்கும்போது, ஐரோப்பியச் சுற்றுலாவைப் பற்றிய பேச்சு இப்போது நடுத்தரக் குடும்பங்களிலும் எழுகின்றது. மாதந்தோறும் ஒரு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து, மூன்றாண்டு ஐந்தாண்டு காத்திருந்து, வாழ்வில் ஒரு முறையேனும் ஜெர்மனியின் கோட்டைகளையும் அரண்மனைகளையும் கண்டு வர விழையும் குடும்பங்களை நாம் அறிவோம். அந்த ஆவலை நாம் மதிக்கின்றோம். உழைத்து ஈட்டிய பொருளில் ஒரு பங்கை உலகைக் காண்பதற்கென ஒதுக்குவது நல்ல பழக்கமே. எனினும், திருவனந்தபுரத்தில் வாழும் நாம், அத்தகைய அன்பர்களிடம் ஒரு வினாவைத் தயக்கத்துடன் எழுப்புவதுண்டு: பத்மநாபபுரம் அரண்மனையை எப்போது இறுதியாகக் கண்டீர்கள்?

பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே. பள்ளியில் படிக்கும்போது, ஆசிரியரோடு, வரிசையாக, அரை மணி நேரத்தில். அதன்பின் இல்லை.

இக்கட்டுரை வெளிநாட்டுப் பயணத்துக்கு எதிரானதன்று. அங்கே காண்பதை இங்கே காண்பதற்கும், இங்கே காண்பதை அங்கே காண்பதற்கும் ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம் என்பதே நம் கருத்து. அரண்மனைகளைக் காணச் செல்வது வெறும் பொழுதுபோக்கு எனக் கருதப்படும் வரை, அவற்றுள் பல நம் கண்ணெதிரிலேயே அழியும் என்பது நம் அச்சம்.

முதலில் ஜெர்மனிக்கே செல்வோம். பவேரிய மலைச்சாரலில் நிற்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் மாளிகையின் படம் இன்று நாட்காட்டிகளிலும் இனிப்புப் பெட்டிகளிலும் காணப்படுகின்றது. இரண்டாம் லுட்விக் என்னும் அரசர் 1869-இல் அதற்கு அடிக்கல் நாட்டினார். கட்டட வேலை முடிவதற்கு முன்பே, 1886 ஜூன் மாதத்தில் அவர் இறந்தார். அம்மாளிகையில் அவர் வாழ்ந்த நாள்களை எல்லாம் கூட்டினாலும் ஆறு மாதம் நிறைவதில்லை. அவர் விட்டுச் சென்றது முற்றுப்பெறாத ஒரு மாளிகையும் பெருங்கடனும். அரசர் இறந்த சில வாரங்களிலேயே, அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அம்மாளிகை நுழைவுக் கட்டணத்துடன் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பார்வையாளர் செலுத்திய கட்டணம் கட்டடக் கடனைத் தீர்க்கவும் பயன்பட்டது. தனியொருவர் கனவுக்காக வாங்கப்பட்ட கடனைத் தீர்ப்பதில், அதைக் காண வந்த மக்களின் சிறு தொகைகளும் பங்கு கொண்டன! 2025-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு அவ்வரசரின் மாளிகைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

அங்கே சென்று வந்தோர் வியந்து கூறும் செய்திகளுள் ஒன்று, நுழைவுச் சீட்டில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும் என்பது. குறித்த நேரத்தில், குறித்த எண்ணிக்கையினரே, வழிகாட்டியுடன் உள்ளே செல்ல இயலும். உட்புறத்தில் ஒளிப்படம் எடுத்தல் கூடாது. ஜெர்மானிய அரண்மனைகள் சிலவற்றில், தரையின் மரவேலைப்பாடு தேயாதிருக்கும் பொருட்டுப் பார்வையாளர் தம் காலணிகளின் மேல் கம்பளிப் பாதுகைகளை அணிந்துகொண்டு நடக்கும் வழக்கம் உண்டு. இதனைக் கேட்டு வியக்கும் நாம், பத்மநாபபுரத்தின் வாயிலில் காலணிகளைக் கழற்றிவைக்குமாறு கூறப்படும்போது மட்டும் முகம் சுளிப்பது ஏன்? இரண்டு வழக்கங்களும் ஒரே தரையை, ஒரே அக்கறையுடன் காக்கின்றன.

திருவனந்தபுரத்திலிருந்து பத்மநாபபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் கடந்து தக்கலையை அடைந்தால், அங்கிருந்து சிறு தொலைவில் வேளிமலையின் அடிவாரத்தில் கோட்டைச் சுவர் தெரியும். அரண்மனை தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது; அதனைப் பேணுவதோ கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நிலம் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனையின் பொறுப்பு கேரளத்திடம் நின்றது. ஒரு மாநிலத்தின் மண்ணில் மற்றொரு மாநிலம் விளக்கேற்றி, கூரை வேய்ந்து, கதவு பூட்டிக் காத்து வருவது எளிய செயலன்று. அதனை நாம் போதிய அளவு போற்றியதில்லை.

இவ்வரண்மனையின் பழம்பகுதியான தாய்க்கொட்டாரம் பதினாறாம் நூற்றாண்டினது என்பர். கல்குளம் என வழங்கிய இவ்வூருக்குப் பத்மநாபபுரம் என்னும் பெயரைச் சூட்டி, இன்று நாம் காணும் வடிவை அரண்மனைக்கு அளித்தவர் 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர். 1750-இல் அவர் தம் நாட்டையே ஸ்ரீ பத்மநாபருக்கு அர்ப்பணித்து, இறைவனின் அடியவராக நின்று ஆளத் தொடங்கினார். நான்கு அடுக்குகள் கொண்ட உப்பரிகை மாளிகை அக்காலத்தது. அதன் மேல்தளம் இறைவனுக்குரியது, சுவர்களெங்கும் ஓவியங்கள். ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான், 1745 முதல் 1747 வரை, பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் பிரெடெரிக் போட்ஸ்டாம் நகரில் சான்ஸூசி என்னும் புகழ்பெற்ற மாளிகையைக் கட்டினார். அங்கே மெருகூட்டிய பளிங்கு; இங்கே தேக்கும் பலாவும் ஓடும். இரண்டும் ஒரு தலைமுறையின் படைப்புகள். ஒன்றை உலக அதிசயமாகவும் மற்றொன்றைப் பள்ளிச் சுற்றுலாவுக்குரிய இடமாகவும் நாம் பிரித்து வைத்திருப்பதற்கு நியாயம் எதுவும் இல்லை.

பூமுகத்தின் மரக்கூரையை அண்ணாந்து பார்த்தால் தொண்ணூறு மலர்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. தாய்க்கொட்டாரத்தில் பலா மரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கின்றது. மந்திரசாலையில் மரச்சட்டங்களின் வழியே வடிகட்டப்பட்ட ஒளி விழுகின்றது. நண்பகலிலும் அங்கே குளிர்ச்சி நிலவும். காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் அந்தச் சாளர நுட்பத்தை, மின்விசிறி இன்றி ஒரு மணி நேரமும் இருக்க இயலாத நம் அடுக்ககங்களைக் கட்டுவோர் சென்று பயில வேண்டும். கண்ணாடி போல் மின்னும் கருந்தரை, சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்பட்டது என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து உண்ணத்தக்க ஊட்டுப்புரை நீண்டு கிடக்கின்றது.

இவ்வளவும் மரம் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். கல்லால் ஆன கோட்டை, கவனிப்பாரற்று நூறாண்டு கிடந்தாலும் ஒரு பகுதியேனும் நிற்கும். மரமாளிகைக்கு அந்தப் பொறுமை இல்லை. ஓட்டில் ஒரு விரிசல், அதன் வழியே ஒரு பருவமழை, பின்னர் கரையான். சில ஆண்டுகளில் உத்தரம் சரிந்துவிடும். இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பின்னரும் பத்மநாபபுரம் பேணப்பட்டது; ஆதலால் நிற்கின்றது. அதற்கு அருகிலேயே உள்ள இரணியல் அரண்மனையோ கைவிடப்பட்டுக் கூரையிழந்து, செடிகொடி மண்டி, நெடுங்காலம் கிடந்தது. அண்மை ஆண்டுகளில்தான் அதனைச் சீரமைக்கும் முயற்சி தொடங்கியது. மண்ணும் மழையும் இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றுக்குக் கவனிப்பு இருந்தது, மற்றொன்றுக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

அரண்மனைகள் நம்மிடம் முதலாவதாகக் கேட்பது இந்தக் கவனிப்பைத்தான். அதில் அரசுக்கு ஒரு பங்கு உண்டு. நமக்கும் ஒரு பங்கு உண்டு. காணச் செல்வோர் இல்லாத மாளிகைக்கு நிதி ஒதுக்குமாறு வற்புறுத்துவாரும் இருப்பதில்லை. நாம் செலுத்தும் நுழைவுக் கட்டணம் சிறியது. ஆயினும் ‘இதனை நாங்கள் மதிக்கின்றோம்’ என்று மக்கள் இடும் கையொப்பம் அது.

திருவனந்தபுரத்திலேயே இருக்கும் குதிரைமாளிகையை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலின் அருகில், 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய மாளிகை அது. கூரையின் கீழ் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள 122 மரக்குதிரைகளால் அப்பெயர் பெற்றது. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அவ்வரசரின் அவையை அணிசெய்தவர். தஞ்சையின் இசையும் நாட்டியமும் அனந்தபுரியில் கால்பதித்த காலம் அது. கோயிலுக்கு வரும் தமிழ் அன்பர்கள் ஆயிரக்கணக்கானோர். கிழக்குக் கோட்டையில் பொருள்கள் வாங்கிக்கொண்டு, இரண்டு நிமிட நடைத் தொலைவில் உள்ள அக்குதிரைகளைக் காணாமலே பேருந்து ஏறுவோர் எத்தனை பேர்!

வங்கி வாடிக்கையாளர்களாகிய அன்பர்களுக்கென ஓர் அரண்மனையைத் தனியே குறிப்பிட விரும்புகின்றோம். நெடுமங்காட்டில், நகரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டரில், உமையம்மை ராணியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் கோயிக்கல் கொட்டாரம் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த நாலுகெட்டில் இன்று நாட்டார் கலை அருங்காட்சியகமும் நாணய அருங்காட்சியகமும் இயங்குகின்றன. விரல்நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவே உள்ள இராசிப் பணமும், திருவிதாங்கூரின் அனந்தராயன் பணமும் அங்கே காணக்கிடைக்கின்றன. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று நம் பாட்டனார் கணக்கிட்ட காலத்தை அங்கே கண்முன் காணலாம். கைப்பேசியைத் தட்டியே பணம் செலுத்தப் பழகிய நம் பிள்ளைகளுக்கு, பணம் என்பது ஒரு காலத்தில் கையில் எடையோடு இருந்த பொருள் என்பதை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது நல்ல பாடம்.

இனி, அரண்மனைகள் நம்மிடம் இரண்டாவதாகக் கேட்பது: நேர்மையான பார்வை. செதுக்கிய கூரையைக் கண்டு வியக்கும்போது, அதனைச் செதுக்கிய கைகளையும் நாம் நினைக்க வேண்டும். அக்கைகளுக்குரியோரின் பெயர்கள் எந்தத் தூணிலும் இல்லை. அரண்மனைகளின் ஒளி நிறைந்த அதே நாட்டில் 1855 வரை அடிமை முறை இருந்தது. தென்திருவிதாங்கூரின் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடி, 1859-இல்தான் அரசாணை ஒன்றைப் பெற்றனர். 1936 நவம்பர் 12 அன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிடும் வரை, மக்களில் பெரும்பகுதியினர் அரசுக் கோயில்களின் வாயிலைக் கடக்க இயலவில்லை. இவற்றைக் கூறுவது அரண்மனைகளை இகழ்வதற்காக அன்று. எந்த வாயிலின் முன் நம் முன்னோர் பலர் விலகி நிற்கும்படி விதிக்கப்பட்டனரோ, அந்த வாயிலுள் இன்று நாம் சிறு கட்டணம் செலுத்தித் தலைநிமிர்ந்து நுழைகின்றோம். அந்தச் சீட்டின் மதிப்பு அதில் அச்சிட்ட தொகையை விடப் பெரிது.

ஜெர்மனியின் மாளிகைகளும் இத்தகைய நிழல்களுக்கு விலக்கல்ல. பிரான்சிலிருந்து நாஜிகள் கொள்ளையிட்ட கலைப்பொருள்கள் இரண்டாம் உலகப்போரின்போது நொய்ஷ்வான்ஸ்டைனில்தான் குவித்து வைக்கப்பட்டிருந்தன. அழகையும் அநீதியையும் ஒருங்கே தாங்கி நிற்பது பழங்கட்டடங்களின் இயல்பு. இரண்டையும் காண்பதே முழுமையான காட்சி.

‘நம் அரண்மனைகளில் வசதிகள் போதா; விளக்கங்கள் போதா; அங்கே இருக்கும் ஒழுங்கு இங்கே இல்லை’ என்று சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கூடத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் தெளிவான, சுவையான விளக்கம் வேண்டும் என்பதும், முதியோர் ஏறத்தக்க வழிகள் வேண்டும் என்பதும், நேரம் குறித்த சீட்டு முறையால் கூட்டத்தைப் பகிர வேண்டும் என்பதும் நம் விருப்பங்களே. மூன்று நூற்றாண்டு வயதுடைய மரப்படிகளில் ஒரே சமயம் நூறு மாணவர் ஓடி ஏறுவது, மாணவருக்கும் படிக்கும் நல்லதன்று. ஆயினும் ஒழுங்கில் ஒரு பாதி பார்வையாளர் கையில் இருக்கின்றது. தூணில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைப்போர் அயல்நாட்டிலிருந்து வருவதில்லை. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சிதைப்போருக்கு இரண்டாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. சட்டம் அறியாதோரைச் சட்டம் தடுப்பதில்லை. வீட்டில் கற்பிக்கப்பட்ட பண்பே தடுக்கும்.

ஒரு முறை பத்மநாபபுரத்தில் நாம் கண்ட காட்சி நினைவுக்கு வருகின்றது. மூதாட்டி ஒருவர், சுவரோவியத்தை நோக்கி நீண்ட பேரனின் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார். “தொடாதே மக்களே, உன் பிள்ளையும் வந்து பார்க்கணும்லா” என்றார். குமரித் தமிழில் அவர் சொன்ன அந்த ஒரு வரிக்கு மேல் பாதுகாப்பைப் பற்றி எந்த நூலும் கூறிவிட முடியாது என்று நமக்குத் தோன்றியது.

இடிந்ததை என்ன செய்வது என்னும் வினாவுக்கும் ஜெர்மனியில் இருவேறு விடைகள் உள்ளன. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுப் படையாலும், 1764-இல் இடியாலும் சிதைந்த ஹைடல்பெர்க் அரண்மனையின் பெரும்பகுதியை அவர்கள் இடிபாடாகவே காத்து வருகின்றனர். பெர்லின் அரண்மனையோ 1950-இல் தரைமட்டமாக்கப்பட்டு, அண்மைக் காலத்தில் பழைய முகப்புகளுடன் புதிதாக எழுப்பப்பட்டது. அது வரலாறா, வரலாற்றின் நகலா என்று அந்நாட்டார் இன்றும் வாதிடுகின்றனர். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அழிந்தபின் கட்டுவதற்கு ஆகும் பொருளில் சிறு பகுதி போதும், அழியாமல் காப்பதற்கு. வட்டி ஏறிய கடனைத் தீர்ப்பதை விடத் தவணையை ஒழுங்காகச் செலுத்துவது எளிது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆண்டுதோறும் மாற்றும் ஓடுகளே மரமாளிகை செலுத்தும் தவணை.

மற்றொன்றையும் கூற வேண்டும். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதி தேவியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கின்றனர். உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாற்றப்பட்ட பின் ஊர்வலம் புறப்படும். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மாநில எல்லையைக் கடந்து தலைநகரை அடையும். வழியெங்கும் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் விளக்கேற்றி வரவேற்கின்றனர். ஓர் அரண்மனை உயிரோடு இருக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில், 1741-ஆம் ஆண்டுக் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவராக உயர்ந்த டிலனாயின் கல்லறை உள்ளது. அதில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. ஐரோப்பியர் ஒருவரின் கல்லறையில் தமிழ் எழுத்து! ஐரோப்பாவைத் தேடிச் செல்லும் முன் அதனையும் ஒரு முறை கண்டு வரலாம்.

ஆதலால் அன்பர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. ஆண்டுக்கு ஒரு நாளை ஓர் அரண்மனைக்கென ஒதுக்குங்கள். பத்மநாபபுரத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலையிலேயே சென்றுவிடுங்கள். பிள்ளைகளோடு வீட்டு முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். ஊட்டுப்புரையையும் உரலையும் அம்மியையும் விளக்க அவர்களை விடச் சிறந்த வழிகாட்டி கிடையாது. வழிகாட்டியாக நிற்கும் ஊழியர் கூறுவதை நின்று கேளுங்கள். குறை கண்டால் அங்குள்ள பார்வையாளர் குறிப்பேட்டிலோ துறைக்குக் கடிதமாகவோ எழுதுங்கள். நிறை கண்டாலும் எழுதுங்கள். சொந்த ஊரில் பழைய மர வீடு ஒன்று பாகப்பிரிவினையில் சிக்கி நிற்குமானால், அதன் தூண்களையும் கதவுகளையும் மர வணிகரிடம் விலை பேசுமுன் ஒரு முறை நின்று சிந்தியுங்கள். பெரிய அரண்மனைகளை அரசு காக்கும். சிறிய வீடுகளைக் காக்க அவற்றின் உரிமையாளரைத் தவிர எவரும் இல்லை.

ஜெர்மனிக்கும் செல்லுங்கள். சென்று, கம்பளிப் பாதுகை அணிந்து, ஒலி எழாமல் அந்த மரத்தரையில் நடந்து வாருங்கள். அங்கே கற்ற அந்த மெல்லடியை மறவாமல் ஊருக்குக் கொண்டுவந்து, தக்கலையில் இறங்கி, காலணிகளைக் கழற்றிவிட்டு, அந்தக் கருந்தரையிலும் ஒரு முறை நடந்து பாருங்கள். நம் பாட்டன்மார் செதுக்கிய தொண்ணூறு மலர்களும் தலைக்கு மேல் வாடாமல் இருக்கும். நம் பேரப்பிள்ளைகள் வரும்போதும் அவை அவ்வாறே இருக்க வேண்டும்.